நகரா விசை

தலவாக்கலையைக் கடந்த மலைரயில், கிரேட் வெஸ்டர்னை நோக்கி ஏறும் வழியில் வட்டகொடையில் நிற்கிறது. சுற்றிலும் தேயிலை மலைகள், அவற்றிடையே லயன்கள், லயன்களிலே தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள். இம்மக்கள் அரசாங்கத்தோடு பேசுவது பெரும்பாலும் காகிதத்தின் வழியாகத்தான். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, மனு என்று வாழ்நாள் முழுவதும் அக்காகிதம் அவர்களைத் தொடர்கிறது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் அவர்கள் மொழியை அலுவலக வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென ஏற்றது. ஆனால், சட்டத்தில் ஏறிய மொழி அலுவலக மேசையிலும் ஏற வேண்டுமானால் அதற்கு விசைப்பலகை வேண்டும். அந்த விசைப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு.

தட்டச்சுப் பொறி ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளுக்காகப் பிறந்தது. 50க்கும் குறைந்த அதன் விசைகளில் தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அடக்குவது? 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற ஆர். முத்தையா இதற்கு விடை கண்டார். முதலாம் உலகப் போருக்குப் பின் அவரது பொறிகள் ஜெர்மனியில் உற்பத்தியாயின. அவர் கையாண்ட உத்திதான் நகரா விசை. அதனை அழுத்தினால் புள்ளி பதியும், உருளை நகராது. அடுத்து ‘க’வை அழுத்த, அது புள்ளியின் கீழே வந்து அமரும். புள்ளி முதலில், எழுத்துப் பின்னர். இரும்பின் நியாயம் அது. தட்டச்சர்களின் விரல்களுக்கு அதுவே பழக்கமும் ஆயிற்று.

கணினி வந்தது. அதன் விசை அனுப்புவது எழுத்தையன்று, தன் இலக்கத்தை மட்டுமே. இலக்கத்தை எழுத்தாக்குவது மென்பொருளில் உள்ள ஓர் அட்டவணை. அட்டவணையை மாற்றினால் விசையும் மாறிவிடும் அல்லவா? சொல்வது எளிது. ஒருங்குறியில் ‘க’ முதலில், புள்ளி பின்னர். விரலின் வரிசையைக் கணினி தலைகீழாக்கியாக வேண்டும். விண்டோஸ் அட்டவணையிலும் நகரா விசை உண்டு. ஆனால் அது பிரெஞ்சு முதலிய மொழிகளின் தேவைக்கேற்ப அமைந்தது. அங்கே குறியும் எழுத்தும் கலந்து ஒரே குறியீடாகும். தமிழின் ‘க்’ இரண்டு குறியீடுகளால் ஆனது. அவ்விரண்டையும் சேர்த்து வெளியிட அந்த நகரா விசைக்கு வழியில்லை. ஆகவே இ-கலப்பை போன்ற தனி மென்பொருள்கள் தேவைப்பட்டன. பலரும் பயன்படுத்தும் அலுவலகக் கணினியிலோ பள்ளிக் கணினியிலோ அவற்றை நிறுவப் பெரும்பாலும் மேலாளரின் அனுமதி வேண்டும்.

தரங்களும் ஒன்றாக இல்லை. 1999இல் தமிழ்நாட்டு அரசு, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளை வலக்கைக்கும் பகிர்ந்த தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் 2008ஆம் ஆண்டுத் தரமோ ரெங்கநாதன் விசைப்பலகையைக் கொண்டது. ஒரே மொழி; விரல்களுக்கு இரு பாதைகள்.

இதனைப் பொறியியலாளரின் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்கிவிடலாகாது. தமிழில் அடிப்பது கடினமாயின் எழுத்தர் ஆங்கிலத்திற்கோ சிங்களத்திற்கோ தாவுவார்; தோட்டத் தொழிலாளியின் பெயர் அங்கே உருமாறும்; உருமாறிய பெயரைத் திருத்த அவர் ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறுவார். முத்தையா தமிழுக்காக இரும்பை வளைத்தார். வளைப்பதற்கு எளிய மென்பொருள் இன்று நம் கையில் இருக்கிறது. மக்களின் மொழியில் இயங்கும் விசைப்பலகையை ஒவ்வோர் அரசாங்க மேசையிலும் ஆயத்தமாக வைப்பது சலுகையன்று. 1987இல் எழுதிக் கொடுத்த வாக்குறுதியின் நிறைவேற்றம்.