மின்னழுத்தத்தை உயர்த்திய மேனூத் பேராசிரியர்

மின்கலத்தை 1800ஆம் ஆண்டில் உலகிற்கு அளித்தவர் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா என்பதை யாவரும் அறிவர். ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டே. மிகுந்த அழுத்தம் வேண்டின், கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்க வேண்டியிருந்தது. சில கலங்களைக் கொண்டே பேரழுத்தம் பெறும் கருவி பின்னர்த் தோன்றியது. அதற்கு ‘ரூம்கார்ப் சுருள்’ என்ற பெயரே நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயர் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

1831ஆம் ஆண்டில் பாரடே, இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். முதற் சுருளை மின்கலத்தோடு இணைக்கும் நொடியிலும் பிரிக்கும் நொடியிலும் மட்டுமே மற்றதில் மின்னோட்டம் எழுந்தது. இடையறாது ஓடும் மின்சாரம் எதையும் எழுப்பவில்லை. எனவே, அழுத்தத்தை உயர்த்த வேண்டின் ஓட்டத்தை வெட்டி வெட்டி விடுதல் வேண்டும்.

இவ்வுண்மையைப் பயன்படுத்தி 1836ஆம் ஆண்டில் தூண்டுசுருளை அமைத்தவர் நிக்கலஸ் கேலன். அயர்லாந்து நாட்டு மேனூத் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பாதிரியார் அவர். இரும்பு உள்ளகத்தின்மேல் தடித்த கம்பியைச் சில சுற்றும், மெல்லிய கம்பியைப் பல சுற்றும் சுற்றினார். ஓட்டத்தை விரைந்து வெட்டும் பொறியையும் அமைத்தார்.

பாரிசில் வாழ்ந்த ரூம்கார்ப் சிறந்த கருவி வினைஞர். அவர் சுருளைச் செம்மையாக்கி 50,000 பிராங்குப் பரிசும் பெற்றார். அவருடைய உழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் முன்னோடி கேலனே. சமயக் கல்லூரியில் பணியாற்றி 1864இல் மறைந்த அவர் புகழ் அக்காலத்தில் பரவவில்லை.

1930களில் மோட்டார் வண்டிகளில் வானொலி வந்தபோது அதே முறை மீண்டும் கைகொடுத்தது. வண்டியின் பாட்டரியோ 6 வோல்ட். வானொலி வால்வுகளுக்கோ இருநூறு வோல்ட் அளவில் தேவைப்பட்டது. அதிரும் எஃகுத் தகடொன்று நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஓட்டத்தை வெட்டியது. மின்மாற்றி அழுத்தத்தை உயர்த்தியது. 1947இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் பின்னர் அத்தகட்டின் இடத்தைப் பெற்றது. இன்று அவ்வகைச் சாவிகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுவதால் சிறு சுருளே போதுமானதாகிறது.

மாணவர் ஒன்றை மறத்தலாகாது. அழுத்தம் உயர்வதால் ஆற்றல் பெருகுவதில்லை. 240 வோல்ட்டில் 0.05 ஆம்பியர் பெற வேண்டின், இழப்பே இல்லையென்று கொண்டாலும், 6 வோல்ட் பாட்டரி 2 ஆம்பியர் தந்தாக வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! தூண்டுசுருளைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்கணக்கோடு கேலனின் பெயரையும் கரும்பலகையில் எழுதுவாராயின், அறிவும் நன்றியும் ஒருங்கே வளரும்.