விருந்தளித்தவரின் பெயர்

1344ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து மஃபர் கரைக்குப் புறப்பட்ட மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று திசைமாற்றிப் புத்தளத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட கரை. அவரைக் கொடியவராகக் கேள்விப்பட்டிருந்த மாலுமிகள் இறங்க அஞ்சினர். இப்னு பதூதா இறங்கினார்.

மன்னர் அவரை மூன்று நாட்கள் விருந்தினராக வைத்து உபசரித்தார். பாரசீகம் அறிந்திருந்த மன்னரோடு உரையாட மொழி தடையாகவில்லை. பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்புவதாக விருந்தாளி கூறியதும், பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் தந்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பரிவாரத்தில் பத்துப்பேர், உணவு சுமக்கப் பதினைந்துபேர் என வழித்துணையும் அனுப்பினார். அவர் திரும்பும்வரை கப்பல் தலைவரையும் தன் விருந்தாளியாக ஏற்றார். விருந்தளித்தவர் இந்து மன்னர். விருந்துண்டவர் முஸ்லிம் காழி.

திரும்பும் வழியில் காலியில் நாகுதா இப்ராஹீம் என்பவர் இப்னு பதூதாவைத் தன் இல்லத்தில் உபசரித்தார். பயணநூல் நிறைவுற்றது 1355இல். பதினொரு ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சிறிய ஊரில் தனக்குச் சோறிட்டவரின் பெயரை அவர் மறக்கவில்லை. மன்னரின் விருந்தை ஏடுகள் எப்படியும் பதிந்துகொள்ளும். ஒரு கப்பல்காரரின் விருந்தை விருந்துண்டவர்தான் எழுதவேண்டும். அதுவே அவர் செலுத்திய நன்றி என்பேன்.

நமது கரையின் வரலாறும் விருந்தோம்பலில் தொடங்கியதே. 1626இல் போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என வரலாற்றாசிரியர் கூறுவர். மன்னனின் பெயர் நமக்குத் தெரியும். வந்தவர்களுக்கு முதல் இரவில் பாய் விரித்துக் கொடுத்த குடும்பங்களின் பெயர் தெரியாது. எவரும் எழுதிவைக்கவில்லை.

2004 டிசம்பர் 26இலும் இதுவே நடந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை அம்பாறை மாவட்டமே சுனாமிக்குப் பறிகொடுத்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரையோரத்தார் அன்றிரவு உள்ளூர்ப் பக்கத்து வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தங்கினர். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தபோது யார், எவர் என்று விசாரிக்கவில்லை.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் சுனாமி பற்றிக் கேட்டால் அலை எவ்வளவு உயர்ந்தது என்று சொல்கிறார்கள். உங்கள் உம்மாவும் மூத்தம்மாவும் அன்றிரவு யார் வீட்டில் படுத்தார்கள் என்று கேட்டால் மௌனம். நிவாரணம் தந்த நிறுவனங்களின் பெயர்கள் வீட்டுச் சுவர்களில் பலகையாக நிற்கின்றன. நிறுவனங்கள் வருமுன் சோறு பொங்கியவர்களுக்குப் பலகை இல்லை.

மனிதருக்குச் செலுத்தும் நன்றியை இறைவனுக்குச் செலுத்தும் நன்றியோடு இணைத்தே நபிகளார் (ஸல்) போதித்தார்கள். அந்த இரவு கழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. விருந்தளித்தவர்களும் உண்டவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு கொப்பி போதும். வீட்டுக்காரரின் பெயர், ஊர், தங்கிய நாட்கள், அன்று உண்ட உணவு ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு நம் பிள்ளைகள் எழுதட்டும். நாளைய வரலாற்றாசிரியனுக்கு அது சான்று. விருந்தளித்தவருக்கு அது நாம் இன்னும் செலுத்தாத நன்றி.