முன் அச்சில் சுருள் ஸ்பிரிங் மாற்றம்

கரடுமுரடான பாதைகளுக்கான வாகனங்களில், திட முன் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்குகளைப் பொருத்தும் வேலை இது. இந்தியாவில் இம்மாற்றத்துக்கு உள்ளாகும் வாகனங்களில் மாருதி ஜிப்சி நன்கு அறியப்பட்டது. 1985இல் அறிமுகமான ஜிப்சி, 2019இல் உற்பத்தி முடியும் வரை நான்கு சக்கரங்களிலும் பட்டை ஸ்பிரிங்குடனேயே வந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி ஜிம்னியோ ஜப்பானில் 1995இலேயே சுருளுக்கு மாறிவிட்டது.

தொழிற்சாலைகள் இதை முன்பே செய்திருந்தன. 1966ஆம் ஆண்டின் ஃபோர்டு பிராங்கோவில் முன்புறம் சுருள், பின்புறம் பட்டை. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரில் நான்குமே சுருள். டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1999இல் முன்புறத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. பாரம் சுமக்கும் பின்புறத்தில் பட்டையை விட்டுவைத்தது. முன்னால் மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை அன்று என்பதற்கு பிராங்கோவும் லேண்ட் குரூசருமே சான்று.

பட்டை ஸ்பிரிங் வண்டியின் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடித்துக்கொள்வதும், பிரேக் அழுத்தும்போது அச்சு உருளாமல் தடுப்பதும் அதுதான். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கலும் ஓரளவு அடங்குகிறது. சுருளுக்கு எடை தாங்குவது ஒன்றே வேலை. ஆகவே இம்மாற்றத்தின் கடினம் ஸ்பிரிங்கில் இல்லை, அச்சைப் பிடித்துவைக்கும் கைகளில்தான் இருக்கிறது.

எளிய ஏற்பாடு, அச்சை முன்பின்னாக நகராமல் பிடிக்க இருபுறமும் ஒவ்வொரு ரேடியஸ் கையும், பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பான்ஹார்ட் கம்பியும். ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது இரு கைகளும் அச்சுக்குழாயை எதிரெதிராக முறுக்கப் பார்க்கும்; அந்த முறுக்கை ரப்பர் புஷ்கள் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கீழ்க்கைகளும் ஒரு மேல்கையும் கொண்ட மூன்று கை அமைப்பில் இந்த இறுக்கம் குறைவு. ஆனால் பிரேக்கின் முறுக்குவிசை முழுவதையும் எதிர்த்து நிற்பதில் ஒற்றை மேல்கைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் பற்றவைப்பு விட்டுப்போனால் வண்டி கைமீறிப் போகும்.

பான்ஹார்ட் கம்பியின் சாய்வைப் பலரும் கவனிப்பதில்லை. 800 மி.மீ. நீளக் கம்பி படுக்கையாக இருந்தால், அச்சு 75 மி.மீ. இறங்கும்போது பக்கவாட்டில் நகர்வது சுமார் 3.5 மி.மீ. வண்டியை உயர்த்தியதால் கம்பியின் ஒரு முனை 100 மி.மீ. தாழ்ந்திருந்தால் அதே இறக்கத்துக்கு நகர்வு 13 மி.மீ. ஆகிவிடும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து குறுக்கே செல்லும் டிராக் லிங்க் இக்கம்பிக்கு இணையாகவும் ஏறக்குறைய அதே நீளத்திலும் இருக்க வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானே திரும்பும்.

சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் பின்சாய்வான காஸ்டர் கோணமும் அப்படித்தான். 700 மி.மீ. நீளமுள்ள கைகளை வைத்துக்கொண்டு வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் காஸ்டர் சுமார் 4 டிகிரி குறையும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. கைகளின் பிடிப்பிடத்தைத் திருத்தியோ மையம் விலகிய புஷ் போட்டோ அதை மீட்கலாம். ஆனால் மீட்கும் ஒவ்வொரு டிகிரியும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தைக் கெடுக்கும்.

சுருளின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது: தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். உயரத்தைக் குறைக்கச் சுற்றுகளை வெட்டினாலும் விறைப்பு ஏறும். எனவே வேறொரு வண்டியின் சுருளைக் கண்ணளவில் தேர்ந்தெடுப்பது சரிவராது. முன் அச்சின் மேல் விழும் எடையை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டைகளின் உராய்வு போய்விடுவதால் ஷாக் அப்சார்பரும் புதிதாகத் தேவை. பிரேக் ஹோஸ் நீளமானதாக இருக்க வேண்டும். சுருள் அமரும் இடத்தில் சேஸிஸுக்குத் தகடு வைத்து வலுவூட்ட வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனத்தை விலகச்செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் கைவைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது அவசியம்.

குலுக்கல் குறைந்தால் போதும் என்பவருக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. தேய்ந்த புஷ்களையும் ஷாக்கிள்களையும் மாற்றி, துருவேறிய பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலே வண்டி கணிசமாக மாறும்.