கொத்திய சொல்

ஜாவா நிரலர்கள் தினமும் புழங்கும் ‘ஹேஷ்கோட்’ என்ற பெயரில் உள்ள ஹேஷ், அடுப்படியிலிருந்து வந்த சொல். பிரெஞ்சில் ‘ஆஷ்’ என்றால் கோடரி. அதிலிருந்து ‘ஆஷே’, பொடியாக வெட்டு. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது ‘ஹேஷ்’ ஆனது. பொடியாக நறுக்கிச் சமைத்த இறைச்சிக்கும் அதுவே பெயர். நம் கொத்துக்கறிக்கு ஒன்றுவிட்ட உறவு என்பேன்.

1953 ஜனவரியில் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிய உள்சுற்றுக் குறிப்பிலேயே, தரவைக் கொத்தி ஓர் எண்ணாக்கி அதை வைத்துத் தேடும் இந்தக் கணினி உத்தி இருக்கிறது. 1968இல் ராபர்ட் மாரிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு அதைச் ‘சிதறல் சேமிப்பு’ என்றுதான் குறிப்பிட்டது. ஆனாலும் நிலைத்தது சமையல் சொல்தான்.

அது நிலைத்தது நல்லதே. ஜாவாவில் 1, 2 என்ற பட்டியலைக் கொத்திப் பாருங்கள். 1இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்புக்கும் இதுவரை வந்ததை 31ஆல் பெருக்கி அந்த உறுப்பின் எண்ணைக் கூட்ட வேண்டும். விடை 994. வரிசையை மாற்றி 2, 1 என்று வைத்தால் 1024. பட்டியலுக்கு வரிசை முக்கியம், அதனால் இரண்டும் சமமல்ல. அதே எண்களைக் கணமாக (செட்) வைத்தால் உறுப்புகளின் கூட்டல் மட்டுமே: எப்படி அடுக்கினாலும் 3.

ஆனால் 0, 33 என்ற பட்டியலும் 994தான் தரும்! சமமான தொகுப்புகளுக்கு ஹேஷ்கோடும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஹேஷ்கோட் ஒன்றானதால் தொகுப்புகள் சமமாகிவிடாது. கொத்திய கறியைப் பார்த்து எந்தத் துண்டம் என்று சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் ‘ஈக்வல்ஸ்’ தனியாகத் தேவைப்படுகிறது. தமிழில் பூங்கொத்து, சாவிக்கொத்து என்று தொகுப்புக்கும் ‘கொத்து’ என்கிறோம். கொத்தைக் கொத்தினால் எண் கிடைக்கும்; எண்ணிலிருந்து கொத்து மீளாது.

இதை நான் மண்டையில் ஏற்றிக்கொண்டது ஒரு நள்ளிரவில். 1, 2 என்ற பட்டியலை, ஹேஷ்கோடை வைத்துத் தேடும் கணமான ஹேஷ்செட்டுக்குள் போட்டுவிட்டு, பிறகு அதே பட்டியலில் 3ஐச் சேர்த்திருந்தேன். வரிசையாக அச்சிட்டால் பட்டியல் கண்ணெதிரே தெரிந்தது. உள்ளே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றது. செட் குறித்து வைத்திருந்தது 994. நான் தேடியதோ 30817.