வெப்பமும் விதியும்: தொழில்முறைசாரா மோட்டார்ப் பந்தயத்தில் எஞ்சின் குளிர்த்தல்

விளையாட்டு விதிகள் வெறுங் கட்டுப்பாடுகள் மாத்திரமல்ல. யார் பங்குபற்றலாம், யார் விலகி நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பனவும் அவையே. மோட்டார்ப் பந்தயத்தில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். பணம் படைத்தோர் வேகத்தை விலைக்கு வாங்கக்கூடிய இவ்விளையாட்டிலே, சிறு வருவாயினரும் பங்குபற்றுதற்கென வகுக்கப்பட்டவையே தொழில்முறைசாராப் பந்தய விதிகளாகும். அவ்விதிகள் எதிர்நோக்கிய சிக்கல்களுள் எஞ்சினைக் குளிர்விக்கும் முறையில் செய்யப்படும் மாற்றங்கள் பற்றியது தனிக் கவனத்துக்குரியது. குளிர்த்தல் எஞ்சினைக் காப்பது. அதேவேளை அதனிடமிருந்து கூடிய வலுவைப் பெறவும் வழிசெய்வது. காப்பு எங்கே முடிகின்றது, அநுகூலம் எங்கே தொடங்குகின்றது என்பதே வினா.

பெற்றோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் சிறு பகுதியே இயக்கமாக மாறுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்த்தற் தொகுதி வழியாகவும் வெளியேற வேண்டும். வலு கூடக் கூட, வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடும். வீதிப் பயணத்துக்குப் போதுமான றேடியேற்றர் பந்தயப் பாதையிற் போதாமற் போவது இதனாலேயே.

இதற்கு முதற் சான்றாக இங்கிலாந்தின் ஒஸ்ரின் செவன் காரைக் கொள்ளலாம். ஹேபேட் ஒஸ்ரின் 1922இல் அறிமுகப்படுத்திய இச்சிறு காரின் எஞ்சின், விரைவிலேயே 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவைப் பெற்றது. அதன் குளிர்த்தற் தொகுதியில் நீர்ப்பம்பி இல்லை. வெந்நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை நியதியே நீரைச் சுழலச் செய்தது. நீர்மட்டம் மேற்குழாய்க்குக் கீழே தாழ்ந்தால் அச்சுழற்சி நின்றுவிடும். மலிவான குடும்பக் காருக்கு இம்முறை போதுமானது. பந்தய எஞ்சினுக்கோ இது பெருங் குறைபாடு.

1939இல் தோன்றிய 750 கழகம், போருக்குப் பின்னர் ஒஸ்ரின் செவன் பாகங்களை அடிப்படையாகக் கொண்ட பந்தய விதியொன்றை வகுத்தது. பெற்றோற் பங்கீடு 1950 மே மாதம் வரை நீடித்த அக்காலத்தில், பழைய காரொன்றை வாங்கித் தம் கையாலேயே பந்தயக் காராக மாற்ற விரும்பியோருக்கு அவ்விதி வாயிலைத் திறந்துவிட்டது. நீர்ப்பம்பி பொருத்துதல் இவ்வாறு கார் அமைத்தோர் அறிந்திருந்த பரிகாரங்களுள் ஒன்று. 1951இல் கொலின் சப்மன் தமது லோட்டஸ் காரில், இரு சிலிண்டர்களுக்குப் பொதுவாயிருந்த உள்வாயிலைத் தடுப்பிட்டுப் பிரித்து ஏனையோரை வென்றபோது, அம்முறை பின்னர் தடைசெய்யப்பட்டது. விதி சொல்லாதது அனுமதிக்கப்பட்டதா, தடுக்கப்பட்டதா என்னும் பழைய வினா இங்கு நடைமுறைப் பிரச்சினையாயிற்று.

அமெரிக்காவில் இவ்வினாவுக்கு வேறொரு விடை கிடைத்தது. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் 1963இல் ஏற்றுக்கொண்ட போர்முலா வீ வகுப்பு, 1,192 கன சென்ரிமீற்றர் வொக்ஸ்வகன் எஞ்சினைக் கொண்டது. அவ்வெஞ்சின் காற்றாற் குளிர்வது. வீதிக் காரில் விசிறியொன்று பட்டியாற் சுழன்று காற்றைச் செலுத்தும். அவ்விசிறி எஞ்சினின் வலுவிற் சிறிது உண்பது. போர்முலா வீயில் விசிறியும் அதன் உறையும் அகற்றப்பட்டன; ஓடும் வேகத்தில் எதிர்ப்படும் காற்றே எஞ்சினைக் குளிர்வித்தது. இதனால் வலு கூடியது உண்மையே. ஆயின் ஒரு பாகத்தைக் கழற்றுவதற்குப் பணம் வேண்டியதில்லை. செல்வனுக்கும் வறியவனுக்கும் அநுகூலம் ஒன்றே. இது நோக்கற்பாலது.

குளிர்த்தல் என்னும் பெயர் பிறிதொரு நோக்கத்தை மறைக்கவும் உதவும். தொழில்முறைப் பந்தயமாயினும் 1978இல் சுவீடனில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. கோர்டன் மறே வடிவமைத்த பிரபாம் காரின் பின்புறத்திலே பெரிய விசிறியொன்று அமைந்திருந்தது. அது றேடியேற்றருக்கே காற்றை இழுப்பதென வாதிடப்பட்டது. உண்மையில் அது காரின் அடியிலிருந்த காற்றையும் உறிஞ்சி, காரைத் தரையோடு அழுத்தியது. யூன் 17ஆம் நாள் நிக்கி லவுடா அக்காரில் வெற்றி பெற்றார். வெற்றி செல்லுபடியாயிற்று, எனினும் அக்கார் மீண்டும் போட்டியிடவில்லை.

தொழில்முறைசாராக் கழகங்கள் பல இன்று ஒருபுறம் பெரிய றேடியேற்றருக்கு இடமளிக்கின்றன. மறுபுறம் வழியும் நீரை ஏந்துங் கொள்கலத்தை வலியுறுத்துகின்றன. பாதையிற் சிந்தினால் வழுக்கும் என்பதனாற் கிளைக்கோல் கலந்த நீரைப் பல கழகங்கள் தடுக்கின்றன. பெரிய றேடியேற்றர் செலவை ஏற்றுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெப்பத்தாற் சிதைந்த எஞ்சினின் செலவு அதனிலும் பெரிது. அதனைத் தாங்க முடியாதவன் சிறு வருவாயினனே. செல்வன் மறுவாரம் வேறோர் எஞ்சினுடன் வருவான், மற்றவன் வருவதில்லை.

ஆகவே, ஒரு மாற்றம் வேகத்தைக் கூட்டுமா என்பது மாத்திரம் விதி வகுப்போர் கேட்கவேண்டிய வினாவன்று. அதனைச் செய்ய யாரால் இயலும், அதனைத் தடுத்தால் யார் களத்தைவிட்டு நீங்குவர் என்பனவும் கேட்கப்படல் வேண்டும். எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பது சமத்துவம் போலத் தோன்றலாம். எல்லோரும் களத்தில் நிலைத்திருக்க வழிசெய்வதே உண்மைச் சமத்துவமாகும்.