நிணநீர்க் கணு அறுவைக்குப் பின் நீங்காத நீர்த்தேக்கம்: காரணமும் சிகிச்சை முறைகளும்

மார்பகம், கருப்பை, கருப்பை வாய், புரோஸ்டேட் ஆகிய உறுப்புகளின் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது, தேவையைப் பொறுத்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்படுகின்றன. வீடு திரும்பிய சில வாரங்களில் அக்குளிலோ அடிவயிற்றிலோ வீக்கம் தென்பட்டால், நோய் மீண்டும் தலைதூக்கிவிட்டதோ என்று குடும்பமே அஞ்சுகிறது. இந்தக் காலகட்டத்தில் தோன்றும் வீக்கம் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. வெளியேற வழியின்றித் தேங்கிய நிணநீரே அது.

இரத்த நாளம் அறுபட்டால் இரத்தம் உறைந்து அதன் வாய் விரைவில் அடைபடும். நிணநீரில் இரத்தத் தட்டணுக்கள் இல்லை. உறையச் செய்யும் காரணிகளும் குறைவு. எனவே வெட்டுண்ட நிணநாளங்கள் நாள்கணக்கில் கசிகின்றன. அக்குளில் இவ்வாறு சேரும் நீர் 'செரோமா' எனவும், இடுப்புக்குழியில் சுவர் கட்டித் தேங்குவது 'லிம்போசீல்' எனவும் வழங்கப்படுகின்றன. சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின்னரும் லிம்போசீல் உருவாவதுண்டு.

சிறிய தேக்கங்கள் தொல்லை தராதவரை அவற்றைத் தொடாமல் விடுவதே நன்று. பல தேக்கங்கள் தாமாகவே வற்றிவிடும். தேவையின்றி ஊசி செலுத்துவது கிருமித்தொற்றுக்கு வாசல் திறப்பதாகும். ஆனால் தேக்கம் பெரிதாகிச் சிறுநீர்க் குழாயை அழுத்தினால் சிறுநீரகம் வீங்கும். சிரையை அழுத்தினால் கால் வீங்குவதுடன் இரத்தக்கட்டும் ஏற்படலாம். காய்ச்சல், குளிர் நடுக்கம், தோல் சிவத்தல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். காயம் ஆறத் தாமதமானால் அடுத்துத் தொடங்க வேண்டிய கதிர்வீச்சோ கீமோதெரபியோ தள்ளிப்போவதுதான் புற்றுநோயாளிக்கு ஏற்படும் பெரிய இழப்பு.

தேக்கத்தின் அளவையும் இடத்தையும் அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். இடுப்புக்குழியில் தேங்கியது நிணநீரா, கசிந்த சிறுநீரா என்ற ஐயம் எழுந்தால் நீரைச் சிறிதளவு எடுத்து கிரியாட்டினின் அளவு பார்க்கப்படுகிறது. அது இரத்தத்திலுள்ள அளவை ஒத்திருந்தால் நிணநீர். பல மடங்கு மிகுந்திருந்தால் சிறுநீர். எளிய சோதனைதான், எனினும் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடியது.

ஊசியால் ஒருமுறை உறிஞ்சி எடுப்பது உடனடி ஆறுதல் தரும். ஆயினும் கசிவு நிற்காததால் நீர் மறுபடியும் சேர்வது இடுப்புக்குழித் தேக்கங்களில் சாதாரணம். ஆகவே ஸ்கேன் வழிகாட்டுதலுடன் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, சில நாள்கள் தொடர்ந்து வடியவிடுகின்றனர். அதற்கும் அடங்காவிடில் 'ஸ்கிளிரோதெரபி' மேற்கொள்ளப்படுகிறது. எத்தனால், போவிடோன் அயோடின், டாக்சிசைக்ளின் போன்ற ஒன்றைக் குழாய் வழியே செலுத்திச் சற்று நேரம் வைத்திருந்து வெளியேற்றுவர். மருந்து உட்சுவரை அழற்சியுறச் செய்ய, சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறையில் பலன் கிட்டாமல் பல அமர்வுகள் தேவைப்படலாம். தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். தேக்கம் வயிற்றறையுடன் தொடர்புடையதா என்று சாய மருந்து செலுத்திப் பார்த்த பின்னரே எத்தனால் செலுத்துவது பாதுகாப்பானது.

அண்மைக் காலத்தில் கவனம் பெற்றிருப்பது கசியும் இடத்தையே தேடி அடைக்கும் முறை. கவட்டியிலுள்ள நிணநீர்க் கணுவில் நுண்ணூசியால் 'லிபியோடால்' செலுத்தப்படுகிறது. இது கசகசா எண்ணெயில் அயோடின் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எக்ஸ்ரேயில் அது செல்லும் பாதையும் கசியும் புள்ளியும் புலப்படும். சிலருக்கு அந்த எண்ணெயே கசிவை அடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மருத்துவப் பசை செலுத்தப்படுகிறது. இதற்குப் பயிற்சி பெற்ற இடையீட்டுக் கதிரியல் நிபுணர் தேவை; எல்லா ஊர்களிலும் இவ்வசதி இல்லை.

இவையும் பயன் தராதபோது, தொற்றில்லாத லிம்போசீலுக்கு லேப்ராஸ்கோப்பி உண்டு. அதன் சுவரில் ஒரு சாளரம் வெட்டி, நீரை வயிற்றறைக்குள் திருப்பிவிடுவர். அங்குள்ள உட்சவ்வு அதை உறிஞ்சிக்கொள்ளும்.

கணுக்களை இயன்றவரை குறைவாக அகற்றுவதே சிறந்த தடுப்பு. மார்பகப் புற்றுநோயில் முதல் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் 'சென்டினல்' முறை இதற்குக் கைகொடுக்கிறது. மும்பை டாடா நினைவு மையத்தில் உருவான, அக்குளின் கீழ்ப்பகுதிக் கணுக்களை மட்டும் எடுக்கும் முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பது நம் நாட்டுச் சூழலுக்கு ஏற்றது.

குழாயுடன் வீடு திரும்புவோர் வடியும் நீரின் அளவை நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். அக்குள் அறுவையில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 30 மில்லி லிட்டருக்குக் கீழ் வந்தால் குழாயை எடுப்பது பரவலான வழக்கம். நீர் கலங்கலாகவோ துர்நாற்றத்துடனோ வந்தாலும், திடீரென நின்று வீக்கம் கூடினாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும்.