பதிலடி என்னும் சொல்: ஆச்சே மிளகுக் கரையும் அனைத்துலகச் சட்டமும்

நாடுகளுக்கிடையே எழும் மோதல்களைப் பற்றிப் பேசுங்கால் 'பழிவாங்கல்', 'பதிலடி', 'எதிர்நடவடிக்கை' ஆகிய சொற்களை நாம் வேறுபாடின்றி ஆளுகிறோம். அனைத்துலகச் சட்டமோ இவை குறிக்கும் செயல்களுக்கிடையே தெளிவான எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லையின் தேவையை, பினாங்கின் வணிக வட்டத்துக்குள் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இவ்வுரையில் ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் 'ரிப்ரைசல்' எனப்படும் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் வேர்ப்பொருள் 'மீள எடுத்தல்' என்பதாகும். இடைக்கால ஐரோப்பாவில், வேற்று நாட்டாரிடம் பொருளைப் பறிகொடுத்த வணிகன் ஆங்கு முறையிட்டும் நீதி பெறானாயின், அந்நாட்டாரின் பொருளை இழப்பின் அளவுக்குக் கைப்பற்ற அவனுடைய அரசன் ஆணையோலை வழங்குவான். தமிழ் மரபுக்கும் இக்கருத்து அயலானதன்று. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித் திணையாகவே வகுத்தது. இரண்டிலும் அடிப்படை மீட்பே, பழியன்று.

மீட்பு பழியாக மாறுவதற்கு ஆச்சே சான்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமத்திராவின் மேற்குக் கரை மிளகுக்குப் பெயர் பெற்றிருந்தது. பினாங்கு வணிகர்க்கும் ஆச்சேக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. ஜார்ஜ்டவுனின் ஆச்சே வீதியும் அங்கு 1808இல் எழுந்த பள்ளிவாசலும் இன்றும் அதனை உணர்த்துகின்றன. அக்கரைக்கு அமெரிக்காவின் சேலம் துறைமுகக் கப்பல்களும் வந்தன. 1831 பிப்ரவரி 7ஆம் நாள், குவாலா பத்துவில் மிளகு ஏற்றிக்கொண்டிருந்த 'பிரெண்ட்ஷிப்' என்னும் கப்பல் தாக்கப்பட்டது. மாலுமிகள் மூவர் மாண்டனர், சரக்கு கொள்ளைபோயிற்று.

அதிபர் ஆண்ட்ரு ஜாக்சன் 'பொட்டோமாக்' போர்க்கப்பலை அனுப்பினார். முதலில் நடந்ததை விசாரித்தறிதல், பின்னர் இழப்பீடு கோருதல், அது மறுக்கப்பட்டால் மட்டுமே தாக்குதல் என்பதே அவருடைய கட்டளையின் சாரம். தளபதி ஜான் டவுன்ஸ் போர்க்கப்பலை வணிகக் கலம்போல் உருமாற்றி வந்து, 1832 பிப்ரவரி 6ஆம் நாள் விடியலில் ஏறத்தாழ 280 வீரரைக் கரையிறக்கினார். கோரிக்கை ஏதும் விடுக்கப்படவில்லை. கோட்டைகள் வீழ்ந்தன, ஊர் எரிந்தது, பெண்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்க இதழ்கள் சிலவே இச்செயலைக் கண்டித்தன. அச்சமும் நிலைக்கவில்லை: 1838இல் அதே கரையில் 'எக்லிப்ஸ்' என்னும் கப்பல் தாக்கப்பட்டது, குவாலா பத்து மீண்டும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று.

இத்தகைய செயல்களை அளக்கும் கோலை 1928இல் ஒரு நடுவர் தீர்ப்பு வழங்கியது. 1914இல் அங்கோலாவின் நௌலிலாவில் ஜெர்மானியர் மூவர் கொல்லப்பட்டதற்காக, அப்போது நடுநிலை வகித்த போர்த்துகலின் காவலிடங்களை ஜெர்மனி தாக்கியிருந்தது. பதிலடிக்கு முன் எதிர்த்தரப்பின் சட்டமீறல் இருத்தல் வேண்டும். பரிகாரம் கோரி அது கிட்டாதிருத்தல் வேண்டும். பதிலடி தீங்கின் அளவை வெகுவாக மிஞ்சலாகாது என நடுவர்கள் வகுத்தனர். குவாலா பத்து நிகழ்வில் முதலாவது நிறைவேறியது எனக் கொண்டாலும், ஏனைய இரண்டும் பொய்த்தன.

1945இன் ஐக்கிய நாட்டுச் சாசனம் மேலும் ஒரு படி சென்றது. தற்காப்புக்கும் பாதுகாப்பு மன்றத்தின் ஒப்புதலுக்கும் புறம்பான படைவலிமை விலக்கப்பட்டது. படைவழிப் பதிலடி கூடாதென 1970இல் பொதுப்பேரவை வெளிப்படையாகவே அறிவித்தது.

இவ்வேறுபாடு நம் நாட்டு வரலாற்றிலும் புலப்படும். 1963 செப்டம்பர் 17இல் மலேசியா, தன்னை ஏற்க மறுத்த இந்தோனேசியாவுடன் தூதரக உறவைத் துண்டித்தது. இது நட்பற்ற செயலாயினும் சட்டத்துக்கு உட்பட்டது. இந்தோனேசியா வணிகத்தை நிறுத்தியது. சுமத்திரா வணிகத்தை நம்பியிருந்த பினாங்கு அதன் சுமையைத் தாங்கியது. 1964இல் ஜொகூரில் இந்தோனேசியப் படையினர் இறங்கியதோ சாசனம் விலக்கிய படைவலிமையாகும். மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. சோவியத் ரத்து அதிகாரத்தால் தீர்மானம் தோற்றது. இறுதியில் 1966 ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தா உடன்பாடே அமைதி தந்தது.

ஆகவே, சட்டத்துக்குட்பட்ட கடுமையை 'நட்பற்ற பதில்' என்றும், முன்னைய சட்டமீறலை நிறுத்தவும் ஈடுபெறவும் படையின்றி எடுக்கும் அளவான செயலை 'எதிர்நடவடிக்கை' என்றும், படைவழித் தண்டனையைப் 'பதிலடி' என்றும் வரையறுத்து ஆளுதல் நன்று. ஊரை எரித்தலையும் தூதரை அழைத்துக்கொள்ளுதலையும் ஒரே சொல்லால் கற்பித்தால், முன்னதன் கொடுமை மாணவர்க்கு விளங்காது போகும்.